பஞ்சாயத்து திரும்ப வரட்டும், பழைய தகுதிப் பட்டியல் வேண்டாம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரு தீர்மானம் விவாதத்துக்கு வந்திருக்கிறது. நம் குடியிருப்பில் ஒரு காலத்தில் இருந்து, பிறகு நின்றுபோன பஞ்சாயத்தை மறுபடியும் கூட்ட வேண்டும் என்பது தீர்மானம். அதைக் கொண்டுவந்த பெரியவர் போன மாதம் நியாயமாகத்தான் பேசினார். "பஞ்சாயத்து இருந்தவரைக்கும் ஒரு சாவு விழுந்தால் ராத்திரியே பணம் வசூலாகும். பெட்டி வரும். ஊருக்குக் கூடப்போக ரெண்டு பேர் துணி மூட்டையோடு நிற்பார்கள். இப்போது அவனவன் கதவைச் சாத்திக்கொள்கிறான்" என்றார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

தீர்மானத்தின் மேல் பேசும்படி குழு என்னைக் கேட்டுக்கொண்டது. நின்றுபோன ஒரு அமைப்பைத் திரும்பக் கொண்டுவருவது என்பது நாம் மட்டும் செய்கிற காரியம் அல்ல. அரசாங்கங்கள் செய்திருக்கின்றன, ஊர்கள் செய்திருக்கின்றன. அப்போதெல்லாம் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு நம் தீர்மானத்துக்கு வரலாம் என்று நினைக்கிறேன். சட்டப் புத்தகத்தை விரித்து வாசிக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

நாம் பிழைக்க வந்திருக்கிற இந்த டில்லியையே முதலில் எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் வந்த பிறகு 1952இல் டில்லிக்கு ஒரு சட்டசபை இருந்தது. 48 உறுப்பினர்கள். சௌத்ரி பிரம் பிரகாஷ் முதல் முதலமைச்சர். நாலு வருஷம்தான் ஓடியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்த அதே நாளில் டில்லிக்காரருக்குச் சட்டசபை போய்விட்டது. அதற்கு ஈடாக 1958இல் மாநகராட்சி வந்தது. 1966இல் சட்டம் போட்டு ஒரு பெருநகரக் கவுன்சில் வைத்தார்கள். அது யோசனை சொல்லலாம், சட்டம் இயற்ற முடியாது. சபை வேண்டும், சபை வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 1991இல் அரசியல் சட்டத்தின் 69ஆவது திருத்தம் நிறைவேறி, 1993 நவம்பரில் தேர்தல் நடந்தது. இடையில் போனது 37 வருஷம். ஒரு தலைமுறையே சட்டசபைக்கு ஓட்டுப் போடாமல் கிழவராகிவிட்டது.

சரி, திரும்பி வந்ததே, என்ன வந்தது? 70 உறுப்பினர்கள் வந்தார்கள். முதலமைச்சர், மந்திரிகள் வந்தார்கள். ஆனால் போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் இந்தச் சபைக்குக் கிடையாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். 1952இல் இருந்த சபைக்கும் போலீஸ் மேல் அதிகாரம் இல்லைதான். அந்தக் குறையைத் தீர்க்காமலேதான் புதுச் சபையையும் கட்டினார்கள்.

இது நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜுக்கியில் இருக்கிறவருக்கு இருக்கிற பெரிய கேள்விகள் இரண்டு. ஒன்று, காலடியில் இருக்கிற நிலம் யாருடையது? இன்னொன்று, லத்தியோடு வருகிறவர் யாருடைய ஆள்? இந்த இரண்டிலும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற எம்.எல்.ஏ.வின் சபைக்கு அதிகாரம் இல்லை. நிலம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது, டி.டி.ஏ.விடம் இருக்கிறது, ரயில்வேயிடம் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒரு இடத்தில் உட்காருகிறார், நம் வீட்டை இடிக்கும் கையெழுத்து வேறு இடத்தில் விழுகிறது.

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாரபுல்லா வடிகாலின் அடைப்பை நீக்கும் வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் தந்த உத்தரவின்படி நடந்தது அது. ஏறத்தாழ 370 வீடுகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்கள். மாற்று வீடு நரேலாவில். அதுவும் எல்லோருக்கும் இல்லை. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் தகுதி இருப்பதாகப் பட்டியல் சொன்னது. மற்றவர்கள் தகுதியில்லாதவர்கள். டில்லியின் மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2006 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே குடியிருப்பு இருந்திருக்க வேண்டும். 2015 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே ஜுக்கி இருந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். தீயில் எரிந்த காகிதத்துக்கும் மழையில் ஊறிய காகிதத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இடம் கிடைத்தவருக்கும் நிம்மதி உண்டா? ஜங்புராவைச் சுற்றி வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண் நரேலாவிலிருந்து எத்தனை பஸ் மாறி வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிக்கூடங்கள். ஒன்றுகூட நரேலாவில் இல்லை.

தகுதிப் பட்டியல் என்று ஒரு வார்த்தை சொன்னேன். இன்றைய பேச்சு முழுவதும் அந்த வார்த்தையைச் சுற்றித்தான். எந்த அமைப்பையாவது "மீண்டும் கொண்டுவருகிறோம்" என்று யாராவது சொன்னால், பெயரைப் பார்த்து மயங்காமல், உள்ளே வரலாம் என்று யார் யார் பெயரைப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பழம் பெருமை என்றால் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் இதே டில்லியில் புதிய பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். நமக்குப் பெருமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டை முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்? காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது நம் காலத்து வார்டு மாதிரி, பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் போட்டார்கள். ஊர்ச் சபை நடுவே, குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஓலை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறு ஓலை வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலும் மனிதன் மனிதனாகத்தான் இருந்திருக்கிறான்!

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வாரியப் பெருமக்கள் என்று பெயர். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம். பதவி 360 நாள். இதற்கு முந்திய மூன்று வருஷத்தில் வாரியம் செய்தவர் மறுபடி வரக் கூடாது. முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன் யாரும் வரக் கூடாது. இந்த ஒரு விதி இன்றைக்கு இருந்தால் நம் நாட்டில் எத்தனை கட்சிகள் வேட்பாளர் கிடைக்காமல் திண்டாடும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இதுவரை நல்லது. இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஓலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். இப்போதைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல் வரும். சொந்த மனையில் சொந்த வீடு கட்டியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் வேதத்தோடு அதன் உரையும் தெரிந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். அங்கே நிலத்தில் இறங்கி உழுதவர், ஏரிக்கரையில் மண் சுமந்தவர், மாடு மேய்த்தவர், எந்தச் சாதிப் பெண்ணும், ஒருவர் பெயரும் ஓலையில் ஏறாது. ஏரி வாரியம் என்று பெயர் இருக்கிறது, ஏரியில் மண் வெட்டியவனுக்கு அந்த வாரியத்தில் இடமில்லை. குடவோலைக் கல்வெட்டு இருந்த அதே காலத்தில் நம்முடைய பாட்டன் பூட்டன் எங்கே நின்றிருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் கால் வேலி நிலம் இருக்கிறது? இருந்திருந்தால் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறியிருப்போமா?

பழைய கதைதானே, இப்போது யார் அந்த நில விதியைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிற குர்காவ் எந்த மாநிலம்? ஹரியானா. அந்த மாநிலத்தில் 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் பொதுப் பிரிவு ஆண் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பெண்ணோ தாழ்த்தப்பட்ட சாதியாரோ எட்டாவது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் உறுப்பினர் பதவிக்கு நின்றால் ஐந்தாவது. வீட்டில் உபயோகத்தில் இருக்கிற கக்கூஸ் இருக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் பாக்கி, கரண்ட் பில் பாக்கி இருக்கக் கூடாது. வழக்குப் போனது. அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. வேதத்துக்குப் பதில் பத்தாவது சர்ட்டிபிகேட். சொந்த மனை வீட்டுக்குப் பதில் கக்கூஸ். உத்திரமேரூர்ப் பட்டியல் ஹரியானாவில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த நல்ல விதி, கணக்குக் காட்டாதவர் குடும்பத்தோடு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி மட்டும் வரவில்லை. படிக்க வைக்காதது யார் குற்றம்? பள்ளிக்கூடம் கட்டாத சர்க்கார், படிக்காதவரைப் பார்த்து உனக்குத் தகுதியில்லை என்கிறது! ராஜஸ்தானிலும் இதே மாதிரி கல்வித் தகுதி கொண்டுவந்தார்கள். 2019இல் அங்கே அதை ரத்து செய்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்து செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் ஊருக்குப் போவோம். தமிழ்நாட்டில் பஞ்சாயத்து நின்று நின்று ஓடிய வண்டி. காமராஜர் காலத்தில் 1958இல் சட்டம் வந்தது. 1970இல் தேர்தல் நடந்தது, அதற்குப் பிறகு 1986இல்தான் நடந்தது. 1991இல் அதுவும் முடிந்தது. மெட்ராஸ் கார்ப்பரேஷனை 1973இல் கலைத்தார்கள், 1996 வரை அங்கே கவுன்சிலர் கிடையாது. 23 வருஷம் அதிகாரிகளே நகரத்தை ஆண்டார்கள். பிறகு அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்து, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996 அக்டோபரில் பெரிய தேர்தல் நடந்தது.

அந்த முறை திரும்பி வந்த பஞ்சாயத்துக்கும் பழைய பஞ்சாயத்துக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கதவு அகலமாகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. மக்கள்தொகைக்குத் தக்கபடி தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் இடம், தலைவர் பதவி உட்பட. பழைய பஞ்சாயத்தை "ஆகா" என்று புகழ்ந்துகொண்டிருந்த பல பேருக்கு இந்தப் பஞ்சாயத்து கசந்தது. ஏன் கசந்தது என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் இருக்கிற மேலவளவு பதில் சொல்லும்.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுப் போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். மறுபடி தேர்தல் வைத்தபோது ஓட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு ஓட்டுப் போட்டு முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, பஞ்சாயத்து ஆபீசுக்குள் நிம்மதியாக உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். வழக்கு சேலத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தது தமிழ்நாடு அரசு. இதைப் பற்றி அதிகம் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

மேலவளவு ஒரு ஊர்தான் என்று யாரும் சொல்ல முடியாதபடி இன்னும் நாலு ஊர்கள் இருந்தன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு என்று ஆனவுடன், தேர்தலே வேண்டாம் என்று பத்து வருஷம் நிறுத்திவைத்தார்கள். சில சமயம் தங்கள் பேச்சைக் கேட்கிற ஆளை நிற்கவைத்து, ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். ரோடு வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம், சர்க்கார் பணம் வேண்டாம், அந்த நாற்காலியில் அவன் மட்டும் உட்காரக் கூடாது! 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. ஊரே ஒற்றுமையாகத்தான் இருந்தது, இட ஒதுக்கீடு வந்து கெடுத்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் நாற்காலியிலும் ஒருவன் திண்ணைக்குக் கீழேயும் இருந்தவரை நிலவிய அமைதிக்கு ஒற்றுமை என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

1996, 2001, 2006, 2011 என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்த தேர்தல் 2016 அக்டோபரில் மறுபடி நின்றது. அறிவிப்பில் கோளாறு என்று ஹைகோர்ட்டு ரத்து செய்ததில் ஆரம்பித்து, வார்டு பிரிப்பது, வழக்கு, மேல்வழக்கு என்று இழுத்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் கிராமங்களில் ஓட்டுப்பதிவு நடந்தது. அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. சேலத்துக்காரர்கள் அப்போது ஓட்டுப் போட்டார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டக்காரர்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். ஐந்து வருஷப் பதவிக்கு ஐந்து வருஷக் காத்திருப்பு! இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். உங்கள் ஊரில் அந்த ஐந்து வருஷம் தெருவிளக்குக்கு யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தனி அலுவலர் என்று ஒருவர். அவருக்குப் பல ஊர், ஒரு ஜீப். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தடைப்பட்டது. 2019இல் ஓட்டுப் போட்ட ஊர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அப்போதும் முன்கூட்டித் தேர்தல் வைக்கவில்லை, தனி அலுவலர்தான் வந்தார். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும், அந்த ஒரு வாக்கியம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குடிமராமத்து பற்றி இரண்டு வார்த்தை. 2017இல் தமிழ்நாடு அரசு இந்தப் பழைய பெயரில் ஏரி குளம் தூர்வாரும் திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பெயர் இனிக்கிறது. பழைய காலத்தில் ஏரிக்கரை உடைந்தால் தமுக்கு அடித்து ஆளைக் கூப்பிடுவார்கள். போனவர்கள் யார்? நிலம் இல்லாதவர்கள். தண்ணீர் யார் வயலுக்குப் போனது? நிலம் இருந்தவர் வயலுக்கு. வெள்ளைக்காரன் 1858இல் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். ஏரி தூர்வாரட்டும், நல்லது. கூலியில்லாத மண்வெட்டி மட்டும் திரும்பி வர வேண்டாம்.

இப்போது நம் தீர்மானத்துக்கு வருகிறேன்.

நம் பழைய பஞ்சாயத்து எப்படி இருந்தது? மாரியம்மன் கோயில் எதிரில் பத்துப் பேர் உட்காருவார்கள். பத்துப் பேரும் ஆண்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. ஊரில் பாட்டன் காலத்திலிருந்து வந்த கணக்கு, மூட்டையோடு ரயிலேறி இங்கேயும் வந்துவிட்டது. விதவைக்கு வரி கிடையாது, அல்லது பாதி வரி. கேட்கச் சலுகை மாதிரி இருக்கும். வரி இல்லாதவளுக்குப் பேச்சும் இல்லை என்பது அதன் மறுபக்கம். வாடகைக்கு இருந்தவர்களும் தலைக்கட்டில் சேர மாட்டார்கள்.

தோழர்களே, நம் குடியிருப்பில் மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொண்டுவருகிறவர் யார்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, பெருக்கித் துடைத்துவிட்டு வருகிற நம் பெண்கள். ஆண்களின் வேலை மழைக்கும் புகைமூட்டத்துக்கும் நின்று நின்று போகிறது. குளிர்காலத்தில் காற்று கெட்டுவிட்டது என்று கட்டட வேலையை நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எந்தச் சம்பளத்தில் எரிகிறது? அந்தப் பணத்தில்தான் தலைக்கட்டு வரியும் போனது. வரி அவளுடையது, தலை அவனுடையது!

பழைய பஞ்சாயத்து சாவுக்குப் பணம் திரட்டியது, உண்மை. கந்துவட்டிக்காரனிடம் பேசித் தவணை வாங்கித் தந்தது, உண்மை. அதே பஞ்சாயத்து, குடித்துவிட்டு அடித்தான் என்று அழுதுகொண்டு வந்தவளிடம் "அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பியதும் உண்மை. வேறு சாதியில் கல்யாணம் செய்த பிள்ளைகளின் வீட்டைத் தள்ளிவைத்ததும் உண்மை. தெண்டம் போட்ட பணம் திருவிழாவுக்குப் போனதா, வேறெங்கும் போனதா என்று கேட்டபோதுதான் சண்டை வந்தது. சண்டையில்தான் பஞ்சாயத்து நின்றது. "இளசுகள் மதிக்கவில்லை, அதனால் நின்றது" என்று பெரியவர் சொன்னதை நான் மரியாதையோடு மறுக்கிறேன். கணக்குக் காட்டாததால் நின்றது.

ஆகவே தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன், திருத்தங்களோடு.

தலைக்கட்டு என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். 18 வயதான எல்லோரும் உறுப்பினர். ஆணோ பெண்ணோ, சொந்த ஜுக்கியோ வாடகையோ, கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ. நரேலாவுக்கும் வேறு இடங்களுக்கும் சிதறிப்போனவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரும் இருக்கட்டும். தகுதியில்லாதவர் என்று சர்க்கார் பட்டியல் அவர்களை வெளியே தள்ளியது போதும், நாமும் ஒரு பட்டியல் போட்டுத் தள்ள வேண்டாம். நபருக்கு இவ்வளவு என்று சந்தா. முடியாதவருக்குச் சந்தா இல்லை, ஆனால் பேச்சு உண்டு.

பத்துப் பேரில் ஐந்து பேர் பெண்கள். தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே 2016இல் பாதி இடம் என்று ஆக்கிவிட்டார்கள். ஊரில் இருக்கிறது, தலைநகரத்தில் இருக்கக் கூடாதா?

பத்துப் பேரை எப்படி எடுப்பது? ஓட்டு வைத்தால் சேலத்துக்காரர் சேலத்துக்கு, விழுப்புரத்துக்காரர் விழுப்புரத்துக்கு, அதற்குள்ளே சாதிக்குச் சாதி என்று ஓடும். நாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், மறைக்க வேண்டாம். அதனால் உத்திரமேரூர்க் குடத்தைத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஆம், நான்தான் சொல்கிறேன். நில விதியையும் வேத விதியையும் கழித்துவிட்டு, குடத்தை வைத்துக்கொள்வோம். சம்மதம் சொன்ன ஆண்கள் பெயர் ஒரு குடத்தில், பெண்கள் பெயர் ஒரு குடத்தில். ஒரு குழந்தை எடுக்கட்டும். ஐந்து விரலையும் விரித்து வாங்குவோம். பதவி ஒரு வருஷம். அடுத்த மூன்று வருஷம் அவர் பெயர் குடத்தில் இல்லை. கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். படிக்காதவர் பெயர் இனி எப்போதும் குடத்தில் விழாது. மைத்துனன் மருமகனுக்கும் அந்த விதியை வைக்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் மைத்துனன், ஆள் கிடைக்காமல் போய்விடலாம்.

கடைசியாக, தெண்டம் கிடையாது. தள்ளிவைப்பது கிடையாது. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011இல் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. அடிதடி, வன்கொடுமை என்று ஒரு பெண் வந்தால், பஞ்சாயத்தார் இருவர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க, அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப்போக வேண்டும். மொழி தெரியாமல் தனியாகப் போய் நிற்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பஞ்சாயத்து வேறென்ன? சாவுக்குக் கூடப்போன கால்கள் இதற்கும் போகட்டும்.

திருத்தங்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று சொல்கிறார்கள். ஒரு வேண்டுகோள். அந்தக் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது, பத்து மணிக்கு அவர்கள் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். நோட்டீசை மறுபடி அச்சடிக்கிற செலவை நான் தருகிறேன்.